சர்க்கரை தூவிய சதுரம்

அன்பு மகளுக்கு,

மூன்று முறை எண்ணிவிட்டுத்தான் எழுதுகிறேன். மரங்களுக்கு நடுவே நீ சர்க்கரை தூவிய சதுரத்தில் நாட்டுப் புல் நூற்றுப் பதினேழு தூர். பக்கத்துச் சதுரத்தில் ஒன்பதுதான், மீதியெல்லாம் களை.

நீ சொன்னபடியே நடந்திருக்கிறது. இது வயலாக இருந்த காலத்தில் மண்ணில் தங்கிய பழைய உரம்தான் களையைக் கொழுக்க வைத்திருக்கிறது. சர்க்கரையைத் தின்று பெருகிய நுண்ணுயிர்கள் தழைச்சத்தையும் இழுத்துக்கொள்ள, களை பட்டினியில் வாடிவிட்டது. ஏழை மண்ணுக்குப் பழகிய புல் தலைநிமிர்ந்து நிற்கிறது. நீ விட்டுப்போன மூட்டையிலிருந்து மூன்று மாதத்துக்கு ஒருமுறை நானும் தூவினேன், யாரும் பார்க்காதபோது.

போன வருஷம் காடு மீட்புக் குழுக் கூட்டத்தில் நீ இந்த முறையைச் சொன்னபோது தலைவர், "மண்ணுக்கு சுகர் வந்துடாதாம்மா?" என்று கேட்க, எல்லோரும் சிரித்தார்கள். நான் குறிப்பேட்டில் தேதியையே திரும்பத் திரும்ப எழுதிக்கொண்டிருந்தேன். நீ அதைப் பார்த்தாய். அதற்கப்புறம் நீ போன் செய்யவில்லை. நியாயம்தான்.

நேற்று அதே அறையில், யாரும் அழைக்காமலே எழுந்தேன். எண்களை வாசித்தேன்.

"அட, சார் பேசுவீங்களா?" என்றார் தலைவர்.

"கொஞ்சம் லேட்டாப் பேசுவேன். இது என் பொண்ணோட வேலை. அன்னைக்கே வாயைத் திறந்திருக்கணும்."

இந்தமுறை யாரும் சிரிக்கவில்லை. காடு முழுவதும் உன் முறைதான் என்று முடிவாகிவிட்டது, அம்மா!

புல் விதை உதிர இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது. என் எண்ணிக்கையில் எனக்குச் சந்தேகம் தீரவில்லை. நான்காவது முறை நீ வந்து எண்ணினால் நல்லது.

சதுரத்தின் ஓரத்தில் நிற்கும்,
அப்பா