பக்கத்துக் கட்டில் பத்தியம்

அக்கா,

நேற்று ஒரு வளைகாப்பில் என் இலைக்குப் பக்கத்தில் கறுப்புக் கலர், அதுதான் கோலா, பாட்டில் ஒன்றை வைத்துவிட்டுப் போனார்கள். மூடியைத் திறந்ததும் வந்த வாசனையில் எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. எதிரில் இருந்த அம்மாள் தன்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறேன் என்று நினைத்துத் தன் புடவையைச் சரிபார்த்துக்கொண்டார். அவருக்கு உங்களைப் பற்றி எங்கிருந்து தொடங்கிச் சொல்வது?

செல்போன் எல்லார் கைக்கும் வந்திராத காலம். மாமல்லபுரத்தில் மீன் விற்று முடித்துவிட்டு, திருக்கழுக்குன்றம் வழியாக வரும் பஸ்ஸில் உங்கள் வீட்டுக்காரரைச் செங்கல்பட்டுக்கு டயாலிசிஸ் செய்ய அழைத்து வருவீர்கள். நான் பள்ளிக்கூடத்தில் அரை நாள் விடுப்பு சொல்லிவிட்டு என் கணவரோடு வருவேன். அவர்களுக்கு உள்ளே அடுத்தடுத்த கட்டில், நமக்கு வெளியே ஒரே பெஞ்சு. "டீச்சரம்மா, தள்ளி குந்து, மீனு வாசன அடிக்கும்" என்றீர்கள் முதல் நாள். நான் தள்ளவில்லை.

ரத்தத்தில் பாஸ்பேட் ஏறக்கூடாது என்பதுதான் அங்கே பெரிய பாடம். மெஷின் அதை முழுதாக எடுக்காது. தங்கிவிட்டால் உடம்பெல்லாம் அரிக்கும், எலும்பு பலமிழக்கும். உணவு ஆலோசகர் பெண் அவரவர் வீட்டுச் சாப்பாட்டைக் கேட்டு, அதில் ஆகாததை எழுதித் தந்தார். கோயில் அலுவலகத்தில் வேலை பார்த்த, சுத்த சைவமான என் கணவருக்குப் பால், தயிர், பருப்பு, முந்திரி. உங்கள் வீட்டுக்காரருக்குக் கருவாடு, இறால், நண்டு.

நான் மோரைக்கூட அவர் கண்ணில் காட்டவில்லை. நீங்கள் மீன்காரி வீட்டிலேயே கருவாட்டு வாடை இல்லாமல் செய்தீர்கள். அப்படியும் இரண்டு பேருக்கும் பாஸ்பேட் ஏறிக்கொண்டே போனது. அடுத்த ரிப்போர்ட்டும் இப்படியே வந்தால் அதனால் வீங்கும் கழுத்துச் சுரப்பியை ஆபரேஷன் செய்ய வேண்டியிருக்கும் என்று டாக்டர் உங்கள் வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டார். பெஞ்சில் வந்து உட்கார்ந்து அழுதீர்கள். "கழுத்துல கத்தி வச்சா அந்த ஆளு தாங்குவாரா? நா இன்னா தப்பு பண்ணேன்?"

அதற்கடுத்த முறைதான் கதவுக் கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தீர்கள். "டீச்சரம்மா, வந்து பாரு இந்தக் கூத்த!"

உள்ளே என் கணவர் கோயில் பிரசாதமான திரட்டுப்பாலை ஒரு தொன்னையில் பக்கத்துக் கட்டிலுக்கு நீட்டிக்கொண்டிருந்தார். உங்கள் வீட்டுக்காரர் என் கணவரின் டம்ளரில் கறுப்புக் கலரை ஊற்றிக்கொண்டிருந்தார். நர்ஸ் தடுப்பதற்குள் நீங்கள் உள்ளே போய்விட்டீர்கள்.

"இன்னாய்யா பண்ணிகினு கீற?"

"என் லிஸ்ட்ல பாலே இல்லியே" என்றார் உங்களவர்.

என் கணவர் அலுவலக ஃபைலை எடுத்துக் காட்டுவதுபோல் சட்டைப் பையிலிருந்து தாளை எடுத்துப் பிரித்தார். "என்னோடதுல கலர் இல்ல. பிரசாதத்தை வீணாக்கலாமா?"

ஆலோசகர் பெண் ஓடி வந்து தலையில் கைவைத்துக்கொண்டார். பாலிலும் பாஸ்பேட், கறுப்புக் கலரிலும் பாஸ்பேட். கோயில் ஆபீஸ்காரர் அதைக் குடிப்பார் என்று பாவம் அவருக்கு எப்படித் தோன்றும்? "எல்லாத்தியும் ஒண்ணா எழுது டீச்சரம்மா, ரெண்டு பேருக்கும் ஒரே பத்தியம்" என்று உத்தரவு போட்டீர்கள். எழுதினேன். அன்றிலிருந்து என் கணவர் சொந்தக்காரர்களிடம், "உடம்புக்காக நண்டு, இறாலைக்கூட விட்டுவிட்டேன்" என்று பெருமை பேசினார். கேட்டவர்கள் என்னைப் பார்த்த பார்வையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

அரிப்பு குறைந்தது, ஆபரேஷன் பேச்சும் நின்றது. உங்கள் வீட்டுக்காரருக்காகவே பயந்துகொண்டிருந்த நீங்கள் ஒரு காலையில் மாரடைப்பில் முந்திக்கொண்டீர்கள். எனக்கு உங்கள்மேல் கோபம்தான் முதலில் வந்தது.

காரியம் முடிந்து உங்கள் வீட்டுக்காரர் தனியாக வந்தார். கட்டிலில் படுத்ததும் ஒரு பொட்டலத்தைப் பிரித்தார். வறுத்த நெத்திலிக் கருவாடு. சாப்பிடாமல் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். என்னால் தாங்க முடியவில்லை, உள்ளே போனேன்.

"எட்த்து வையி அத்த! பொண்டாட்டி போயிட்டா, கேக்க ஆளில்லனு நெனச்சியா?"

வகுப்பறையில்கூட நான் அப்படிக் கத்தியதில்லை. மொத்த வார்டும் திரும்பியது. அவர் முதலில் சிரித்தார், பிறகு மெஷினில் மாட்டாத ஒற்றைக் கையால் பொட்டலத்தை மூடத் தெரியாமல் அழுதார். பக்கத்துக் கட்டிலில் என் கணவர் எதற்கும் இருக்கட்டும் என்று தன் டம்ளரைப் போர்வைக்குள் ஒளித்துக்கொண்டார்.

இருவரும் இருந்த வரைக்கும் உங்கள் குரலில்தான் இருவரையும் திட்டினேன். பிறகு ஒருவர் பின் ஒருவராகப் போய்விட்டார்கள். குரல் அப்படியே இருக்கிறது அக்கா, அதட்டத்தான் ஆளில்லை.