செருப்போடு எடுத்த படம்

வலங்கைமான்,
பங்குனி 4

தம்பி இனியவனுக்கு,

அக்கா செந்தாமரை எழுதுவது. நீ சுகமாகத்தான் இருப்பாய். பேப்பரில் கோட்டுப் போட்டுக்கொண்டு, கேடயத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்கிறாயே, சுகத்துக்கு என்ன குறை? இங்கேயும் எல்லோரும் நலம் என்று எழுதத்தான் கை வரவில்லை. போன் செய்தால் "மீட்டிங்ல இருக்கேன்க்கா" என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் கடிதம்.

முதலில் ஊர்ச் சேதி. சம்பா அறுத்தாகிவிட்டது. கடைசி மழையில் பயிர் சாய்ந்துபோனதால் மிஷின்காரர் முணுமுணுத்துக்கொண்டே அறுத்தார். உளுந்து முளைத்து நிற்கிறது. தண்ணீர் மோட்டார் மறுபடியும் மக்கர் செய்கிறது.

அடுத்தது, நீ அம்மாவை எடுத்துப் பரிசு வாங்கிய படம். பெரிய வீட்டு ரெத்தினம் ஐயா பேப்பரைக் கையில் எடுத்துக்கொண்டு நம் வாசலுக்கே வந்துவிட்டார். அவர்கள் வயலில்தான் அம்மா காலமெல்லாம் நடவு நட்டாள். அதே வயலில் மூன்று மா நிலத்தைத்தான் அப்பா அவரிடம் வாங்கி அம்மா பெயரில் கிரயம் செய்தார். இதெல்லாம் உனக்குத் தெரியும். தெரிந்தும் மறந்துவிட்டாய் என்பதால் எழுதுகிறேன். "என்ன தங்கம்மா, அப்ப எங்க வயல்ல நின்ன மாதிரியே நிக்கிற, மாறவே இல்லையே" என்று சொல்லிச் சிரித்தார். படத்துக்குக் கீழே 'நிலமற்றவள், காவிரி டெல்டா' என்று போட்டிருந்ததை அம்மாவுக்கு நான்தான் வாசித்துக் காட்டினேன். அவர் போன பிறகு அம்மா, "பட்டா இன்னும் எம் பேர்லதானடி இருக்கு?" என்று கேட்டாள். பீரோவைத் திறந்து எடுத்துக் காட்டினேன். அதற்கப்புறம்தான் சாப்பிட உட்கார்ந்தாள்.

அம்மா உன்னிடம் கேட்டது என்ன, நீ எடுத்தது என்ன? அப்பா செத்தபோது கண்ணீர் அஞ்சலி பேனருக்கு ஒரு நல்ல படம் கிடைக்காமல், வோட்டர் கார்டில் இருந்ததைப் பெரிதாக்கி அடித்தோம். முகம் கலங்கிப்போய், யாரோ எவரோ என்று இருந்தது. கடைத்தெருவில் அதைப் பார்த்த அன்றே அம்மா முடிவு செய்துவிட்டாள், தனக்கு ஒரு படம் தயாராக இருக்க வேண்டும் என்று. பச்சைப் பட்டு, சொந்த வயல், காலில் புதுச் செருப்பு. செருப்பு கட்டாயம் தெரிய வேண்டும் என்றாள். பெரிய வீட்டுத் தெருவைக் கடக்கும்வரை செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு நடந்தவள் அல்லவா? பிள்ளை போட்டோகிராபர் என்பதால் கேட்டாள். கடைக்காரரிடம் போயிருந்தால் ஐந்து நிமிடத்தில் எடுத்துக் கொடுத்திருப்பார்.

நடவு சமயத்தில் நீ ஊருக்கு வந்தபோது, அம்மா வரப்பில் வந்து நின்றதும் ஒன்று எடுத்தாய். அம்மா அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. கேமராவில் பார்த்துவிட்டு, "இது வெறும் கிளிக்கும்மா. போட்டோன்னா ஆளுக்குள்ள இருக்கறது வெளிய வரணும்" என்றாய். பட்டு கண்ணைக் குத்துகிறது என்றாய். செருப்பு பிளாஸ்டிக்காக மின்னுகிறது, கழற்று என்றாய். சாக்கில் கிடந்த அப்பாவின் கிழிந்த சட்டையைச் சேலைமேல் போடச் சொன்னாய். மிஷின் நட்டுவிட்டுப் போன வயலில், மிச்சம் கிடந்த நாற்றுமுடியைக் கையில் கொடுத்துச் சேற்றில் இறக்கினாய். வெயில் தாழட்டும், வெளிச்சம் மஞ்சளாகட்டும் என்று நிற்க வைத்தாய். அவள் முகத்தில் வெளிச்சத்தைத் திருப்ப என் கையில் ஒரு தெர்மோகோல் அட்டையைக் கொடுத்தாய். சர்க்கரைக்காரி, சேற்றில் ரொம்ப நேரம் நிற்கக்கூடாது என்றேன். "தெர்மோகோலை நேராப் பிடிக்கா, முகத்துல நிழல் விழுது" என்றாய். அம்மா, பிள்ளை கேட்கிறான் என்று நின்றாள்.

காலில் சின்னப் புண் என்று மட்டும் உன்னிடம் சொல்லியிருந்தோம். அது அம்மாவின் உத்தரவு. பரிசு வாங்கப் போகிறவனைக் கலங்க வைக்கக் கூடாதாம். அவள் சொல்லை மீறி இப்போது எழுதுகிறேன், கேட்டுக்கொள். புண் ஆறவில்லை. முதலில் விரல் கறுத்தது, பிறகு பாதம். தை மாதம் தஞ்சாவூரில் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

எப்படி ஆனது என்று டாக்டர் கேட்டபோதுதான் அம்மா சொன்னாள். வரப்பில் குடிக்கிறவர்கள் வயலுக்குள் வீசிய பாட்டில் சில்லு ஒன்று காலுக்கடியில் இருந்திருக்கிறது. சுருக்கென்று ஏறியதாம். அந்த நேரம் பார்த்து நீ, "அசையாதம்மா, அப்படியே இரு, இதுதான்" என்றாயாம். அவளும் அசையவில்லை. அந்தக் கண்களில் தலைமுறைகளின் வலி தெரிகிறது என்று பரிசுக் குழு சொன்னதாகப் பேப்பரில் வந்திருக்கிறது. தலைமுறையாவது ஒன்றாவது. அது குவாட்டர் பாட்டில் சில்லு.

ஆளுக்குள் இருப்பதை வெளியே கொண்டுவருவேன் என்றாய். கொண்டுவந்துவிட்டாய், போ.

போன வாரம் உன்னிடம் நான் கேட்டது அந்த முதல் படம் ஒன்றைத்தான். "அது டெஸ்ட் ஷாட்க்கா, அப்பவே டெலீட் பண்ணிட்டேன்" என்றாய். அம்மாவிடம் நான் அதைச் சொல்லவில்லை. கம்ப்யூட்டரில் தேடிக்கொண்டிருக்கிறான் என்று சொல்லி வைத்திருக்கிறேன். தினமும் கேட்கிறாள். பிளெக்ஸ் கடை பக்கிரியிடம், "படம் வந்துரும், கால்வரைக்கும் தெரியற மாதிரி அடிச்சுக் குடு" என்று சொல்லியும் வைத்திருக்கிறாள். இரண்டு காலோடு அவள் நிற்கும் படம் இனி உலகத்தில் உன்னுடையது ஒன்றுதான். அதிலும் கால் சேற்றுக்குள் இருக்கிறது.

நேற்று ராத்திரி அவளுக்கே ஏதோ தோன்றிவிட்டது போலிருக்கிறது. "தம்பி தேட வேணாம்னு சொல்லுடி. வர்றப்ப புதுசா ஒண்ணு எடுக்கட்டும். இடுப்புக்கு மேல எடுத்தாப் போதும். காலைப் பாத்தா புள்ள மனசு தாங்காது" என்றாள்.

அவள் பெற்றவள், அப்படிச் சொல்வாள். நான் உன்கூடப் பிறந்தவள். நீ வா. அதே வரப்பில் நாற்காலி போட்டு, பச்சைப் பட்டைக் கட்டி உட்கார வைக்கிறேன். இடது கால் செருப்பு இருக்கிறது, அதையும் போட்டுவிடுகிறேன். உனக்குப் பிடித்த வெளிச்சம் வரும்வரை தெர்மோகோலைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். ஆனால் முழுசாக எடு. பாதியில் வெட்டாதே.

அம்மாவின் ஆசீர்வாதம் உனக்கு எப்போதும் உண்டு. என்னுடையதை, அந்தப் படத்தை எடுத்த பிறகு கேள்.

இப்படிக்கு,
உன் அக்கா
செந்தாமரை