மெக்கானிக்கல் சாருக்கு, சிவில் மேசையிலிருந்து

அன்புள்ள சார்,

நேற்று பாப்பாரப்பட்டியில் ஒரு லேத் பட்டறைக்குப் போயிருந்தேன். தோட்டத்து மோட்டாரின் தண்டு தேய்ந்துவிட்டது. கடைந்து தருவதாகச் சொல்லி ஒரு ஸ்டூலில் உட்கார வைத்தார்கள். சுற்றுகிற இரும்பின் மேல் பால்போல வழியும் கூலண்ட், சூடு பட்டதும் ஒரு வாசனை விடும் அல்லவா, அது வந்த நொடியில் நான் திரும்பிப் பார்த்தேன். நீங்கள் பின்னால் நிற்கிறீர்கள் என்றே நினைத்துவிட்டேன். நாம் ஒரே கல்லூரியில் வேலை பார்த்த காலம் முழுக்க அந்த வாசனையோடுதான் என் அறைக்குள் வருவீர்கள். "சோப்பை மாத்திப் பாருங்க சார்" என்பேன். "தோலையே மாத்துனாலும் போவாதுங்க" என்பீர்கள்.

நீங்கள் போய் இரண்டு வருடம் ஆகிறது. உங்களிடம் பேசிக்கொண்டிருந்த பழக்கம் இன்னும் போகவில்லை. அதனால்தான் இந்த மடல்.

நம் கல்லூரியைப் பற்றிக் கேட்பவர்களுக்கு நான் ஒரு உதாரணம் சொல்வேன், நினைவிருக்கிறதா? அரசுப் பல்கலைக்கழகம் என்கிற அப்பா தூரத்து நகரத்தில் இருக்கிறார். இங்கே ஒரே வீட்டில் பிள்ளைகள் ஐந்து பேர். மூத்தவன் சிவில், அடுத்தவன் மெக்கானிக்கல், பிறகு எலெக்ட்ரிக்கல், எலெக்ட்ரானிக்ஸ், கடைக்குட்டி கம்ப்யூட்டர். பெண் கொடுக்க வருகிறவர்கள் எல்லாரும் நேரே கடைக்குட்டியைத்தான் பார்க்கிறார்கள். மூத்தவன் வாசலில் நின்று வாங்க வாங்க என்று கும்பிட்டுக்கொண்டே இருக்கிறான். நீங்கள் இடைமறிப்பீர்கள். "ரெண்டாவது பையன் என்ன பண்றான்னு சொல்லவே மாட்டேங்கறீங்களே? அவன்தான் சார் மோட்டாரு போட்டு அத்தனை பேருக்கும் தண்ணி எறைக்கறான்."

ஒரு வருடம் மூத்தவன் பாடு மோசமாகிவிட்டது. சிவில் பிரிவில் இந்த முறையும் பாதி இடம் நிரம்பாவிட்டால் அடுத்த ஆண்டு முதல் சேர்க்கை கிடையாது என்று கடிதம் வந்துவிட்டது. நம் கல்லூரியிலேயே நடந்த கலந்தாய்வு உதவி மையத்தில் உங்களுக்கு ஒரு மேசை, எனக்கு ஒரு மேசை. பிள்ளைகள் மதிப்பெண் பட்டியலோடு வருவார்கள். எந்தப் பிரிவு வேண்டும் என்று வரிசையாகக் கணினியில் பதிந்து கொடுப்பது நம் வேலை. நான் ஒவ்வொருவருக்கும் அணை, பாலம், வீடு என்று உதாரணம் அடுக்குவேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரிங்க சார், கம்ப்யூட்டர் போடுங்க" என்பார்கள். நீங்கள் பக்கத்து மேசையிலிருந்து தலையைக் குனிந்து சிரிப்பீர்கள். "பாலத்தக் கட்டி முடிச்சிட்டீங்க சார். ஆனா ஒருத்தரும் அதுமேல போவலையே!"

கடைசி நாள் மதியம் மூன்று மணிக்குத்தான் பாப்பிரெட்டிப்பட்டி பக்கத்திலிருந்து அந்த அப்பாவும் மகளும் வந்தார்கள். ஐந்து மணிக்குப் பட்டியல் பூட்டிக்கொள்ளும், பிறகு மாற்ற முடியாது. அப்பாவுக்கு மஞ்சள் சாகுபடி. மகள் நம் கல்லூரியின் ஐந்து பிரிவுகளையும் வீட்டிலேயே ஒரு தாளில் வரிசைப்படுத்தி எழுதி வந்திருந்தாள். முதலில் கம்ப்யூட்டர், கடைசியில் சிவில். அப்பா சான்றிதழ்களை நகல் எடுக்கப் போனார். அந்தப் பெண் என் பக்கம் குனிந்து, "சிவில் கெடைச்சிருமா சார்?" என்று கேட்டாள்.

"கடைசியில எழுதியிருக்கியே கண்ணு?"

"புடிச்சத எப்பவும் கடைசியாதான் சார் வெப்பேன். வூட்லயும் பாயாசம் கடைசியாத்தான?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பந்தியில் கடைசியாக வருவது பாயாசம்தான். கலந்தாய்வுக் கணினிக்கு அந்தப் பந்தி தெரியாதே! மேலிருந்து பார்த்து, எது முதலில் காலியாக இருக்கிறதோ அதைக் கொடுத்துவிட்டுப் போய்விடும். அவள் மதிப்பெண்ணுக்கு முதல் வரியிலேயே இடம் கிடைத்துவிடும். அப்புறம் கடைசி வரியை யார் பார்க்கப் போகிறார்கள்? "ஏன் சிவில்?" என்றேன். "எங்க ஊரு ஓடைப் பாலம் மூணு தடவ அடிச்சிக்கிட்டுப் போச்சுங்க சார். மூணு தடவையும் அதே எடத்துல அதே மாதிரி கட்டுறாங்க. ஏன்னு கேட்டா யாருமே சொல்ல மாட்டேங்கறாங்க."

முப்பது வருடம் வகுப்பில் நான் காத்திருந்த கேள்வி அது. அந்தச் சந்தோஷத்தில் பட்டியலைப் பதிந்து, சிவிலை முதல் வரிக்கு ஏற்றக் கையைக் கொண்டுபோனேன். நீங்கள் எழுந்து வந்து என் மணிக்கட்டைப் பிடித்தீர்கள்.

"கைய எடுங்க சார்."

"பொண்ணே கேக்குது சார்!"

"கேக்குது. ஆனா உங்களுக்கு ஆள் வேணும். அதனால நீங்க மாத்தக் கூடாது. எனக்கும் ஆள் வேணும், நானும் மாத்தக் கூடாது. அவங்க அப்பாவுக்குத் தெரியாம செஞ்சா நாளைக்கு அந்தப் பொண்ணுதான வூட்ல பதில் சொல்லணும்?"

எனக்குக் கோபம்தான் வந்தது. மறைப்பானேன். என் துறைக்கே உயிர் போகும் நேரத்தில் நியாயம் பேசுகிறாரே என்று தோன்றியது. நீங்கள் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. அப்பா வந்ததும் மகள் எழுதிய விதத்தை அவரிடம் அப்படியே சொல்லிவிட்டு, "வாங்க, அஞ்சையும் கண்ணால பாத்துட்டு வந்து போடலாம்" என்று கிளம்பிவிட்டீர்கள். நானும் பின்னாலேயே வந்தேன்.

கம்ப்யூட்டர் ஆய்வகத்துக் குளிர்ச்சியில் அப்பாவின் முகம் மலர்ந்தது. "இதுதாங்க வேணும். எம் பொண்ணு வெயில்ல நிக்கக் கூடாது."

"இந்த ஏசி புள்ளைங்களுக்கு இல்லீங்க, மிசினுக்கு" என்றீர்கள். "ஆனாலும் நல்ல படிப்புங்க. அதையும் சொல்லிடறேன்."

அடுத்த இரண்டு ஆய்வகங்களுக்கும் தலா பத்து நிமிடம் கொடுத்தீர்கள். உங்கள் பட்டறைக்கு மட்டும் இரண்டே நிமிடம். "கை கறுக்கும், சோறு போடும்" என்று சொல்லி நகர்ந்துவிட்டீர்கள். சிவிலில் நான் வாயைத் திறந்ததும் கடிகாரத்தைத் தட்டிக் காட்டினீர்கள். அதனால் பேச்சை விட்டு, காங்கிரீட் கட்டியை நசுக்கிப் பார்க்கும் எந்திரத்தை ஓட்டினேன். பார்வைக்கு ஒன்றுபோல இரண்டு கட்டிகள். முதல் கட்டி சீக்கிரமே நொறுங்கிவிட்டது. இரண்டாவது கட்டி, எந்திரத்தின் முள் ஏற ஏறத் தாங்கி நின்றது.

அப்பா நொறுங்கியதைக் கையில் எடுத்துத் தேய்த்துப் பார்த்தார். "ரெண்டும் ஒரே சிமெண்டா?"

"ஒரே சிமெண்டுதாங்க. இதுல தண்ணி அதிகம்."

"எங்க கெணத்துச் சுவரு உளுந்தது இதனாலதானா! கொத்தனாரு தாராளமா ஊத்துனாரே!" மகளைப் பார்த்தார். "ஏம்மா, இதப் படிச்சா வெயில்ல நிக்கணுமே?"

"மஞ்சக் காட்டுல நின்னு பழகுனவதான ப்பா? இங்க கொடை புடிச்சிக்கிறேன்."

அவர் கட்டியைக் கீழே வைத்துக் கையைத் துடைத்துக்கொண்டார். "சரி. பாயாசத்த மொதல்லயே ஊத்துங்க சார்."

நாலரை மணிக்கு அவரே பக்கத்தில் நிற்க, நீங்கள் வரிசையை மாற்றினீர்கள். "ரெண்டாவதாவது என்னையப் போடும்மா" என்று கெஞ்சினீர்கள். "உங்களுது நாலாவது சார்" என்றாள் அவள், கொஞ்சம்கூடத் தயங்காமல். சான்றிதழ் சரிபார்த்துக்கொண்டிருந்த அலுவலகத்தம்மா சிரிப்பை அடக்க முடியாமல் எழுந்து போய்விட்டார்.

முடிவு வந்த அன்று சிவிலில் பாதிக்கு மேல் மூன்று பேர் இருந்தார்கள். அதில் அவள் ஒருத்தி. கையில் டீயோடு வந்து, "மூத்தவன் பொழச்சிட்டான்" என்றீர்கள். உங்கள் பிரிவில் அந்த வருடம் கூடுதலாக நான்கு இடம் காலி என்பது பிறகுதான் எனக்குத் தெரிந்தது. விசாரித்தபோது மழுப்பினீர்கள். என் ஆய்வக உதவியாளர்தான் உண்மையைச் சொன்னார். மெக்கானிக்கல் கேட்டு உங்கள் மேசைக்கு வந்த சிலரையும் அன்று போலவே ஐந்தையும் சுற்றிக் காட்டப் போயிருக்கிறீர்கள். அதில் நான்கு பேர் என் ஆய்வகத்திலேயே நின்றுவிட்டார்கள்.

உங்களை எடுத்த அன்று அந்தப் பெண் உங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். இப்போது அரூர் பக்கம் சாலை வேலையில் பொறியாளர். உங்கள் வீட்டம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "சார்தாங்க என்னை சிவில்ல சேத்து உட்டாரு" என்றாள். அந்த அழுகையிலும் அம்மா நிமிர்ந்து பார்த்தார். "அவரு மெக்கானிக்கலாச்சே கண்ணு?" இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும்தான். உங்களுக்கு அது பிடித்திருக்கும்.

எனக்கு ஓய்வு கொடுத்துவிட்டார்கள். ஆனால் கலந்தாய்வு மாதத்தில் தெருவில் யாராவது தாளோடு வந்துவிடுகிறார்கள். போன மாதம் எதிர்வீட்டு அம்மா மகளைக் கூட்டி வந்தார். "நான் சிவில் வாத்தியாருங்க. எம் பேச்சுல அதைக் கொஞ்சம் கழிச்சிக்கிட்டுக் கேளுங்க" என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். இப்போதெல்லாம் அதைச் சொல்லாமல் எனக்கு வாயே திறப்பதில்லை. பிறகு ஐந்தையும் சொன்னேன். சிவிலைச் சீக்கிரமே முடித்துக்கொண்டேன். மெக்கானிக்கல் வந்தபோது மட்டும் நிறுத்த மனம் வரவில்லை. தண்ணீர் இறைக்கும் மோட்டாரில் தொடங்கி, ஊருக்குள் வரும் பஸ்ஸில் ஏறி, மாவு மில், டிராக்டர் என்று போய்க்கொண்டே இருந்தேன்.

அந்தப் பெண் சந்தேகத்தோடு கேட்டாள். "சார், நீங்க சிவில்னுதான சொன்னீங்க?"

"சிவில்தான் கண்ணு" என்றேன். "மெக்கானிக்கல் சாரு எந்திரிச்சுப் போயிட்டாரு. அவரு மேசையையும் நான்தான் பாத்துக்கறேன்."