சம்பந்தி சரிசெய்து கொடுத்த பாட்டுத் திரை

பிள்ளையார்பாளையம்,
காஞ்சிபுரம்.
ஏப்ரல் 2004

அன்பு மகன் ஏகாம்பரத்துக்கு அம்மா கமலாட்சி எழுதிக்கொண்டது. உனக்குப் பேர் கொடுத்த சாமியின் தயவில் நானும் அப்பாவும் இங்கே நல்லபடியாக இருக்கிறோம், அமெரிக்காவில் நீயும் சுகந்தியும் சளி காய்ச்சல் இல்லாமல் நேரத்துக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்கவேண்டும். அப்பாவுக்கு முழங்கால் வலி தேவலை, தறியில் உட்காருகிறார். பங்குனி உத்திரத்துக்குக் கோயிலில் கூட்டம் தாங்கவில்லை, என் செருப்பு தொலைந்துபோய்க் கொதிக்கிற தரையில் நடந்தே வீட்டுக்கு வந்தேன். இதையெல்லாம் போனிலேயே சொல்லிவிடலாம்தான், ஆனால் இப்போது சொல்லப்போவதை அப்பா பக்கத்தில் நிற்கும்போது சொல்ல முடியாது, அதனால் எழுதுகிறேன். சுகந்திக்கு இந்தக் கடிதத்தைக் காட்டாதே.

போன வருஷம் கல்யாணம் முடிந்த கையோடு நம் வீட்டுக்கு ஒன்று, ஆரணியில் உன் மாமியார் வீட்டுக்கு ஒன்று என்று கம்ப்யூட்டர் வாங்கி வைத்துவிட்டுப் போனாயே, அதில் பாட்டுப் போடுகிற ப்ளேயர் தை மாதத்திலிருந்து என் உயிரை வாங்குகிறது. காலையில் விளக்கேற்றி முருகன் பாட்டைப் போட்டால் பாட்டு நன்றாகத்தான் வருகிறது, கொஞ்ச நேரத்தில் திரை முழுக்கப் பச்சையும் ஊதாவும் சுழன்று சுழன்று ஆட ஆரம்பித்துவிடுகிறது, நான் சாமி கும்பிடுகிறேனா ரெக்கார்டு டான்ஸ் பார்க்கிறேனா என்று எனக்கே தெரியவில்லை. அது போதாதென்று பாட்டின் பெயர் ஓடுகிற ஒரு பட்டை அடியில் ஒட்டிக்கொண்டு, எதைத் திறந்தாலும் அதற்கு மேலே வந்து நிற்கிறது. அப்பா மத்தியானம் தறியை நிறுத்திவிட்டுக் கம்ப்யூட்டரில் சீட்டு ஆடுவாரே, பாதிச் சீட்டு அந்தப் பட்டைக்கு அடியில் போய்விடுகிறது, உடனே என்னைத் திட்டுகிறார், ஏதோ நான்தான் பசை தடவி ஒட்டினேன் என்கிறமாதிரி. உன்னிடம் சொன்னேன், ஞாபகம் இருக்கிறதா? ஆஃப் பண்ணி ஆன் பண்ணும்மா, போவலன்னா பிரவுசிங் சென்டர் சிட்டிபாபுவக் கூப்ட்டுக் காட்டு, எனக்கு மீட்டிங் இருக்குது என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாய். சரி, பிள்ளைக்கு ஆயிரம் வேலை, நாம் ஏன் தொந்தரவு செய்யவேண்டும் என்று நானும் வாயை மூடிக்கொண்டு அந்த டான்சைப் பார்த்தபடியே கும்பிட்டுக்கொண்டிருந்தேன்.

உத்திரத்துக்கு மறுநாள் உன் மாமியார் ஜெயம்மாள் வந்தார்கள். காஞ்சிபுரத்துக்கே ஆரணிப் பட்டுப் புடவையைக் கட்டிக்கொண்டு வந்தார்கள், நான் ஒன்றும் சொல்லவில்லை. இட்லி, வடைகறி, கேசரி என்று குறையில்லாமல் செய்து போட்டேன். சாப்பிட்டுவிட்டு எழுந்தவர்கள் நம் திரையைப் பார்த்துச் சிரித்தார்கள், ஐயே, இது எங்க வீட்லயும் இப்டித்தான் ஆடிக்கினு இருந்துது அண்ணி, மாப்பிள்ளை ஒரு மணி நேரம் போன்லயே இருந்து ஒண்ணொண்ணா சொல்லிக் குடுத்தாரு, இப்ப வலது பக்கம் அமுத்துங்க அத்தை, அவசரமே இல்ல அத்தை, நிதானமா பாருங்க அத்தைன்னு, பொறுமைன்னா அப்டி ஒரு பொறுமை என்று சொன்னார்கள். எனக்கு எப்படி இருந்திருக்கும், நீயே சொல். ஒரு மணி நேரம்! பெற்றவளுக்கு மீட்டிங், அவர்களுக்கு அவசரமே இல்லையா? வயிறு எரிந்ததடா, பொய் சொல்லமாட்டேன். சொன்னதோடு விட்டார்களா, என் நாற்காலியிலேயே உட்கார்ந்து மவுசைப் பிடித்து, திரைமேல் வலது பக்கம் அமுக்கி, வந்த வரிசையில் ஒன்றைத் தேடி, உள்ளே போய் இரண்டு மூன்று டிக்கை எடுத்துவிட்டார்கள், டான்சும் நின்றது, பட்டையும் ஓடிப்போனது. அப்பா இருக்கிறாரே, பலே சம்பந்தி, நீங்க கத்துக்கினு வந்துட்டீங்க, இங்க ஒருத்தி ரெண்டு மாசமா பொலம்பிக்கினு கீறா என்று என்னைக் காட்டிச் சொல்கிறார். காபி போடுகிற சாக்கில் அடுப்பங்கரைக்குப் போய்விட்டேன், இல்லாவிட்டால் அங்கேயே அழுதிருப்பேன்.

அவர்களை ஆரணி பஸ் ஏற்றிவிட்டு அப்பா வருவதற்குள் நான் உட்கார்ந்து, அவர்கள் எடுத்த டிக்கை எல்லாம் திரும்பப் போட்டுவிட்டேன். பின்னால் நின்று பார்த்துக்கொண்டுதானே இருந்தேன், எனக்கு மட்டும் மூளை இல்லையா? போட்டது போட்டோம் என்று அவர்கள் தொடாத இரண்டு டிக்கையும் சேர்த்துப் போட்டேன். இப்போது எழுத்தெல்லாம் பூசணிக்காய் அளவுக்குப் பெரிதாகிவிட்டது, மேலே இருந்த வரிசையைக் காணவில்லை. அப்பா வந்து பார்த்துவிட்டு, அந்தம்மா நல்லா இருந்ததையும் கெடுத்துட்டுப் போச்சே என்றார். நான் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அன்றைக்கு ராத்திரி சாதம் எனக்கு நன்றாக இறங்கியது.

மறுநாள் அப்பா சொல்லிச் சிட்டிபாபுவே வந்து, சரி செய்யட்டுமா என்று கேட்டான், வேண்டாம் என்று அனுப்பிவிட்டேன். உன் மாமியாரும் விஷயம் தெரிந்து போன் செய்து, நான் சொல்றேன் அண்ணி, நீங்க அமுத்துங்க என்றார்கள், அடுப்பில் பால் இருக்கிறது என்று வைத்துவிட்டேன். எனக்கு அந்தப் பாட்டுத் திரை பெரிதில்லை தம்பி. ஞாயிற்றுக்கிழமை நீ பேசினால் சாப்ட்டியாம்மா, மாத்திரை போட்டியாம்மா, இந்தா சுகந்தி பேசறா என்று மூன்றே வார்த்தையில் முடித்துவிடுகிறாய். உனக்கு அவ்வளவு நேரம் பேசவே வராது என்று இத்தனை நாள் நான் என்னையே சமாதானம் செய்துகொண்டிருந்தேன், வருகிறது என்று ஆரணியிலிருந்து வந்து சொல்லித்தான் எனக்குத் தெரிகிறது.

எலக்ட்ரிசியனை வரச்சொல்லி போன் வயரை நீளமாக்கிக் கம்ப்யூட்டர் பக்கத்திலேயே வைத்திருக்கிறேன். இந்தக் கடிதம் கிடைத்த ஞாயிற்றுக்கிழமை, இங்கே காலை நேரமாகப் பார்த்துப் போன் செய், அப்பா கோயிலுக்குப் போயிருப்பார். சுகந்திக்கு என் அன்பைச் சொல், அவள்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை, தலைக்கு எண்ணெய் வைக்கச் சொல். குளிரில் வெறுங்காலோடு நடக்காதே. காமாட்சி உங்கள் இரண்டு பேர் பக்கத்திலேயே இருந்து பார்த்துக்கொள்ளட்டும், கேட்டதெல்லாம் கொடுக்கட்டும். மறக்காமல் போன் செய், மீட்டிங் எதையும் வைத்துக்கொள்ளாதே. எனக்கு ஒன்றும் தெரியாது, இப்போதே சொல்லிவிட்டேன். மவுசில் வலது பக்கம் எது என்பதுகூட நீதான் சொல்லவேண்டும்.

இப்படிக்கு
உன் அம்மா
கை. கமலாட்சி