பதினோராம் நாள் வந்த பச்சைத் தண்ணீர்

சிகந்தராபாத்,
ஏப்ரல் 6

பியூலாவுக்கு,

இங்கே வெயில் ஆரம்பித்துவிட்டது. முட்டிவலி மாத்திரைக்கும் அடங்கவில்லை. நான்கு வருடமாகப் பேசாதவள் இதையா எழுதுவாள் என்று நினைப்பாய்.

போன மாதம் அந்த ரசாயனத் தொழிற்சாலைக்கு மறுபடி போனேன். நிலத்தடித் தண்ணீர் எங்கே போகிறது என்று பார்க்க, கழிவுக் குழியின் ஓரத்து ஆழ்துளைக் கிணற்றில் பச்சைச் சாயம் கரைத்து ஊற்றினோம். கீழே முழுக்கக் கருங்கல், கழிவு ஊருக்குப் போய்ச்சேர முப்பது வருடமாகும் என்று அன்றைக்கு அறிக்கை எழுதியவள் நான். "பாறையில ஒரே ஒரு வெடிப்பு நீளமா ஓடினாப் போதும்டி, கையெழுத்துப் போடாதே" என்றாய். நான் போட்டேன். நீ வேலையை விட்டுப் போனாய்.

பதினோராம் நாள், அரை கிலோமீட்டர் தள்ளி, எல்லம்மா என்பவளின் குழாயில் பச்சைத் தண்ணீர் வந்தது. சாயம் ஒன்றும் செய்யாது என்று அவளிடம் சொன்னேன்.

"சாயம் சரிம்மா. இதே வழியா இத்தனை வருஷமா என்ன வந்துச்சு?" என்று தெலுங்கில் கேட்டாள். நான் ஜீப்பில் ஏறிவிட்டேன்.

நேற்று என் அறிக்கை தவறு என்று எழுதிக் கொடுத்தேன். "ரிடயராக ஏழு மாசம்தான். இப்ப எதுக்கு மேடம் இது?" என்றார் மேலதிகாரி.

வியாழக்கிழமை கலெக்டர் விசாரணை. நீ அன்றைக்கு எழுதிய மறுப்புக் குறிப்பு ஃபைலில் காணாமல் போனதே, எடுத்தவள் நான்தான். நகல் இத்துடன் இருக்கிறது. அசலை விசாரணையில் கொடுப்பேன். இதுவரை எங்கே இருந்தது என்று கேட்பார்கள். என் பீரோவில் என்று சொல்வேன்.

உன் பக்கத்து மேசைக்காரி