அப்பாவின் முதுகுவலி

அன்பு மகளுக்கு,

போனில் பேச வாய் வரவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

அச்சகத்தில் காகிதக் கட்டைத் தூக்கி எனக்கு முதுகு பிடித்து நான்கு வருடமாகிறது. ஸ்கேனில் ஒன்றுமில்லை, வலி மட்டும் போகவில்லை. ஈஸ்டருக்கு வந்திருந்த நீ என்னைச் சோதித்துவிட்டு, "காயம் எப்பவோ ஆறிருச்சுப்பா. நரம்புதான் பயந்துபோயி சின்ன அசைவையும் பெரிய வலியாக்குது. கொஞ்சங் கொஞ்சமா நடந்து அதப் பழக்கணும்" என்றாய்.

"அப்ப நான் நடிக்கேன்னு சொல்லுதியா?" என்று கத்தினேன். நீ சாப்பிடாமலே மதுரைக்குப் பஸ் ஏறிவிட்டாய்.

மறுநாளே நடக்க ஆரம்பித்தேன். உன் அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. முதல் வாரம் தெருமுனை வரைதான். வலித்தால் மூச்சை மெதுவாக விட்டு நின்றேன், மறுநாள் இருபது அடி கூட்டினேன். இப்போது ஊரைத் தாண்டி, ரோடு பிரியும் ஆமத்தூர் விலக்கு வரை போய்த் திரும்புகிறேன். வலி இருக்கிறது. ஆனால் அது என்னை முடக்கிப் போடுவதில்லை.

நேற்று பைண்டிங்கில் வேலை பார்க்கும் தேவமணி கைவலி தாங்காமல் அழுதாள். மேனேஜர், "ஸ்கேன்ல ஒண்ணுமில்லையே, காலண்டர் சீசன்ல நடிக்காதம்மா" என்றார். நான் மெஷினை நிறுத்திவிட்டுப் போய், "அவ நடிக்கல சார். காயம் ஆறுனாலும் வலி நெசந்தான்" என்று நீ சொன்னதையெல்லாம் சொன்னேன்.

"எந்த டாக்டர் சொன்னாரு?"

"என் மக சொன்னா சார். மதுரையில பிசியோதெரபிஸ்ட்."

மொத்த அச்சகமும் திரும்பிப் பார்த்தது.

வியாழக்கிழமை தேவமணியைக் கூட்டிக்கொண்டு வருகிறேன். நீ பஸ் ஸ்டாண்டுக்கு வரவேண்டாம். உன் ஆஸ்பத்திரியின் மூன்றாம் மாடிக்கு நானே படியேறி வருவேன். யாருடைய அப்பா என்று அங்கே எல்லோரிடமும் நானே சொல்லிக்கொள்வேன்.

உன் அப்பா