கார்டில் பதிந்த கை

சாம்பியன் ரீப்ஸ்,
1904 டிசம்பர் 5.

அன்பு மகள் டெய்சிக்கு அம்மா ஐடா எழுதுவது. கர்த்தர் கிருபையில் அப்பாவும் நானும் உன் தங்கை வின்னியும் இங்கே இருக்கிறோம். ரங்கூனில் நீயும் உன் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளும் நோய்நொடி இல்லாமல் இருக்க தினமும் ஜெபிக்கிறேன். இங்கே குளிர் ஆரம்பித்துவிட்டது, தங்கச் சுரங்கத்தில் காலை ஷிப்டுக்குப் போகிறவர்கள் கம்பளியைப் போர்த்திக்கொண்டுதான் போகிறார்கள். உன் கடிதம் வந்தது. எட்டு மாதமாக அப்பா ஒரு வரிகூட எழுதவில்லை, நான் ரங்கூன் வந்த கோபம் இன்னும் தீரவில்லை போலிருக்கிறது, அப்படியானால் இனி நானும் எழுதி அவரைத் தொந்தரவு செய்யவில்லை என்று எழுதியிருக்கிறாய். அடிப் பாவி மகளே, அதைப் படித்துவிட்டு அவர் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

இந்த வருஷம் கிறிஸ்துமஸ் கார்டைக் கடையில் வாங்கக்கூடாது, வீட்டிலேயே செய்யவேண்டும் என்று அவர்தான் ஆரம்பித்தார். சுரங்க ஸ்டோரில் பெட்டிகளின்மேல் தகர அச்சை வைத்து எண்ணும் எழுத்தும் அடிக்கிறவருக்குக் கேட்கவா வேண்டும்! மண்ணெண்ணெய் டின்னை வெட்டி நட்சத்திர அச்சு செய்தார். வின்னி சர்க்கரைவள்ளிக் கிழங்கைக் குறுக்கே அறுத்து அதில் பூ செதுக்கி, குங்குமச் சிவப்பில் ஓரமெல்லாம் முத்திரை குத்தினாள். குத்தின கிழங்கை மறுநாள் வேகவைத்துவிடுவாளோ என்று எனக்கு ஒரே பயம். நடுவில் வீட்டார் மூன்று பேர் கையும் பதியவேண்டும் என்பது அவர் யோசனை. கார்டின்மேல் கையை வைத்து, பிரஷ்ஷை நீல மையில் தோய்த்துச் சீப்பில் தேய்த்தால் மை தூறலாகத் தெறிக்கும். கையை எடுத்தால் கை இருந்த இடம் மட்டும் வெள்ளையாக நிற்கும். என் வலது கையும் வின்னி வலது கையும் நன்றாக விழுந்தன.

அவர் முறை வந்தபோது இடது கையை வைத்தார். இன்னாப்பா, கட்டைவிரல் தப்பான பக்கம் நிக்குதே என்று வின்னி சிரித்தாள். உடனே வேறு கார்டு எடுத்து, அதே இடது கையை மல்லாக்க வைத்து அடித்தார். அச்சு அசலாக வலது கை! பாத்தியா என் வேலைய, யாரு கண்டுபிடிப்பா என்று ஒரே பெருமை அவருக்கு. எனக்குத்தான் பொறுக்கவில்லை. புள்ளைக்கு ஆசீர்வாதம் அனுப்புறீங்க, அத்த இடது கையாலயா குடுப்பீங்க என்று கேட்டுவிட்டேன்.

மகளே, பதறாமல் படி. ஈஸ்டர் முடிந்த வாரம் அவர் அவசரப்பட்டு, ஆள் வருவதற்குள் தனியாக வண்டியிலிருந்து பெட்டி இறக்கினார். அது நழுவி வலது கைமேல் விழுந்தது. கட்டைவிரலுக்கு அடுத்த இரண்டு விரலும் போய்விட்டன. காயம் எப்போதோ ஆறிவிட்டது, வேலைக்கும் போகிறார். பேனாதான் பிடிக்க வரவில்லை. அவர் எழுத்து மணிமணியாக இருக்கும் என்று ஊரே சொல்லுமே, இடது கையால் கோணல்மாணலாக எழுதி அனுப்ப மானம் விடவில்லை. உனக்குச் சொன்னால் வேலையை உதறிவிட்டுக் கப்பல் ஏறிவிடுவாய் என்று என்னிடம் சத்தியமும் வாங்கிக்கொண்டார். எட்டு மாதம் நானும் வாயை மூடிக்கொண்டு கிடந்தேன், அதற்காக என்னை மன்னித்துக்கொள்.

அன்றைக்கு நான் கேட்டதும் அந்த இரண்டு கார்டையும் ஒதுக்கி வைத்தார். பிறகு புதிதாக ஒன்றை எடுத்து, வலது கையை அப்படியே வைத்து, அடிம்மா வின்னி என்றார். அவள் அழுதுகொண்டே மையைத் தெறிக்கவிட்டாள். இருபுறமும் எங்கள் கையையும் மறுபடி பதித்து, அந்தக் கார்டைத்தான் இதோடு வைத்திருக்கிறேன். நடுவில் இருக்கும் கையில் இரண்டு விரலை மை மூடிவிட்டது என்று நினைத்துவிடாதே. இப்போது அப்பாவின் கை அதுதான். சத்தியம் இனிமே எதுக்கு, எல்லாத்தையும் எழுதிடு என்றும் சொல்லிவிட்டார்.

வேலையை விட்டுவிட்டு ஓடி வராதே, லீவு கிடைக்கும்போது வா. கொதிக்கவைத்த தண்ணீரே குடி, வேளைக்குச் சாப்பிடு. கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக. ஒன்று மட்டும் மறக்காதே. இதற்குப் பதிலை என் பேருக்கு எழுதாதே, அவர் பேருக்கே எழுது. நான் படித்துக் காட்டப் போவதில்லை, அவர் கண்ணுக்கு ஒன்றும் ஆகவில்லை.

உன் அம்மா,
ஐடா ஏசுபாதம்